வரி போன கண்ணாடியும் ரெண்டு தங்க மீனும்

மீன் தொட்டி வைக்கணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல கேக்குற கேள்வி, "எவ்ளோ ஆகும்?" அதுலயும் உள்ளே நிஜச் செடி வளர்ற தொட்டின்னா கேக்கவே வேணாம். கடையில போய் நின்னா விசேஷ லைட், ஃபில்டர், கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், ஜப்பான்லேர்ந்து வந்த மண் மூட்டைன்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகும். விலையைக் கேட்டுட்டு பிளாஸ்டிக் செடியோட வீட்டுக்குத் திரும்பினவங்க எனக்குத் தெரிஞ்சே நாலஞ்சு பேர் இருக்காங்க.

போன வருஷம் என்னோட முதல் செடித் தொட்டியை வைக்கறதுக்கு முன்னாடி, இந்தப் பழக்கம் எங்கேர்ந்து வந்ததுன்னு கொஞ்சம் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க ஆச்சரியமா இருந்தது. இது பிறந்தப்போ மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது, கரண்ட்டே கிடையாது. ஒரு கண்ணாடிப் பாத்திரம், அடியில மண்ணு, ஒரு செடி, ரெண்டு மீன், அஞ்சாறு நத்தை. அவ்வளவுதான். செடின்னா அலங்காரம் இல்லீங்க, செடிதான் அந்தத் தொட்டியோட மெஷினே. இதை மறந்ததாலதான் நாம இவ்வளவு செலவு பண்றோம்னு எனக்குத் தோணுது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

பள்ளிக்கூடத்துல பார்த்த குமிழி

ஹைட்ரில்லாவை ஒரு பீக்கர் தண்ணியில போட்டு, மேல புனலைக் கவுத்து, அதுக்கு மேல தண்ணி நிரப்பின டெஸ்ட் ட்யூபைக் கவுத்து, வெயில்ல வச்சு குமிழி வருதான்னு எல்லாரும் பார்த்திருப்பீங்க. ரெகார்டு நோட்டுல படம் வரைஞ்சு பாகம் குறிச்சவங்கதானே நாமெல்லாம் :-) செடித் தொட்டியோட கதை அந்தக் குமிழியிலதான் ஆரம்பிக்குது.

1771 ஆகஸ்டில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்துபோன காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே காற்றில் இன்னொரு மெழுகுவத்தி நன்றாக எரிந்தது. கெட்டுப்போன காற்றைச் செடி சரிசெய்கிறது என்று அவருக்குப் புரிந்தது. எப்படி என்று மட்டும் புரியவில்லை. 1779-ல் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் இலைகளைத் தண்ணிக்குள் முக்கி வைத்துப் பார்த்தார். வெயில் பட்டால் குமிழி, இருட்டில் வைத்தால் இல்லை. வேலையைச் செய்வது செடியின் பச்சை பாகம், அதுவும் வெளிச்சம் இருந்தால்தான் என்று சொன்னார்.

ஆக, தண்ணிக்குள்ள இருக்கிற செடி மூச்சுக்காற்று தரும்ங்கிறது 18-ம் நூற்றாண்டு முடியறதுக்குள்ளேயே தெரிஞ்சு போச்சு. அப்புறம் ஏன் மீன் தொட்டி வர இன்னும் 70 வருஷம் ஆச்சு? காரணங்கள் பல இருக்கலாம். என் கண்ணுல முதல்ல பட்டது, கண்ணாடி விலை.

எடைக்கு வரி

பிரிட்டனில் 18-ம் நூற்றாண்டிலிருந்தே கண்ணாடிக்கு வரி இருந்தது. அதுவும் எடை பார்த்து. தடிமனான கண்ணாடி என்றால் அதிக வரி. போதாததற்கு, வீட்டில் எத்தனை ஜன்னல் இருக்கிறது என்று எண்ணி அதற்குத் தனி வரி. கண்ணாடி வரி 1845-ல் ஒழிந்தது, ஜன்னல் வரி 1851-ல். இந்த ரெண்டு வருஷங்களையும் ஞாபகம் வச்சுக்கோங்க. நம்ம கதையில முக்கியமானது எல்லாமே இதுக்கு நடுவுலதான் நடக்குது.

அதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். லண்டனின் கிழக்குப் பகுதியில் மருத்துவராக இருந்த நத்தானியேல் வார்ட். 1829-ல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு பாட்டிலில் மூடி வைத்தார். பூச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, மண்ணிலிருந்து ஒரு பெரணிச் செடியும் கொஞ்சம் புல்லும் முளைத்தது கண்ணில் பட்டது. லண்டன் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் செத்துக்கொண்டிருக்க, மூடிய பாட்டிலுக்குள் இது மட்டும் ஜம்மென்று வளர்ந்தது. அதை வைத்து மூடிய கண்ணாடிப் பெட்டிகள் செய்தார், 1842-ல் புத்தகமும் எழுதினார். உலகம் பூரா கப்பலில் செடி போனதும் வந்ததும் இந்த வார்ட் பெட்டியில்தான். 1860-களின் தொடக்கத்தில் தென்னமெரிக்காவின் சிங்கோனாவை நம்ம நீலகிரிக்குக் கொண்டுவர நடந்த முயற்சிகளிலும் இந்தப் பெட்டிகளுக்குப் பங்கு உண்டு. ஊட்டிப் பக்கம் கொய்னா மரத் தோட்டம் பார்த்தவங்க அடுத்த தடவை வார்டையும் நினைச்சுக்கலாம்.

ஜன்னலோரம் நின்ன அந்தப் பொண்ணு

இப்ப தண்ணிக்கு வருவோம். கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஒரு பெண். ஜான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுக்காரர். 1830-களில் சிசிலித் தீவில் கடலோரமாக இருந்துகொண்டு தொட்டி வைத்தார். கடல் பக்கத்திலேயே இருந்ததால் தண்ணிக்குப் பஞ்சமில்லை.

அடுத்தவரும் பெண்தான், ஆனா. தைன். 1846-ல் டார்க்கி கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்கு எடுத்து வந்தார். லண்டனில் கடலுக்கு எங்கே போவது? இருந்த கடல்நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய நிலைமை. அதில் காற்று கலக்க, திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாம டீ ஆத்தற மாதிரி! ஒவ்வொரு தடவையும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். ஆற்றினது யார்? அவங்க வீட்டுல வேலை பார்த்த சின்னப் பொண்ணு. அந்தப் பொண்ணுக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது என்று தைன் பின்னாடி எழுதியிருக்கிறார். அந்தப் பொண்ணு என்ன சொல்லியிருக்கும்னு எழுத யாரும் இல்லை.

1847-ல் தைன் கடற்பாசி ஒட்டிய கற்களை வரவழைத்துத் தொட்டியில் போட்டார். அதுக்கப்புறம் அந்த வேலையைப் பாசி பார்த்துக்கொண்டது. செடித் தொட்டியின் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். முதல் ஏர் பம்ப் ஒரு வேலைக்காரப் பெண்ணோட கை. அந்தக் கைக்கு ஓய்வு கொடுத்தது செடி.

12 காலன் ஜாடி

நன்னீர்த் தொட்டியை முறையா, கணக்கோட வச்சுக் காட்டினவர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் அபோதிகரீஸ் ஹாலில் வேதியியலாளர். 1841-ல் தொடங்கிய கெமிக்கல் சொசைட்டியை உருவாக்கியவர்களில் ஒருவர். 1850-ல் அந்தச் சங்கத்தில் தன் சோதனையை விவரித்தார்.

சுமார் 12 காலன் கொள்ளளவுள்ள கண்ணாடிப் பாத்திரம். அதில் பாதிக்கு ஊற்றுத் தண்ணி. அடியில் மணல், சேறு, சில கற்கள். சேற்றில் வேரூன்றிய ஒரு வாலிஸ்நேரியா. ரெண்டு சின்னத் தங்க மீன். (தண்ணியில மிதந்து மகரந்தச் சேர்க்கை நடக்குதுன்னு தாவரவியல்ல ஒரு செடி படிச்சோமே, அதே வாலிஸ்நேரியாதான்.)

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. அப்புறம் வாலிஸ்நேரியாவின் பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன. தண்ணி கலங்கியது, கண்ணாடியில் பச்சை படிந்தது. தொட்டி வைக்கிற எல்லாரும் ரெண்டாவது, மூணாவது வாரத்துல பார்க்கிற அதே காட்சி. வாரிங்டன் தண்ணியைக் கொட்டிவிட்டுக் கழுவி வைக்கவில்லை. குளத்தில் இதெல்லாம் யார் சுத்தம் பண்ணுகிறார்கள் என்று யோசித்தார். அஞ்சாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகின இலையைத் தின்றது. நத்தை இட்ட முட்டை மீனுக்குத் தீனியானது. கழிவு செடிக்கு உரமானது. தண்ணி தெளிந்தது.

இன்னிக்கு நத்தை வந்துட்டா என்ன மருந்து போடலாம்னு கேக்குறோம். அன்னிக்கு நத்தைதான் தொட்டியையே காப்பாத்தியிருக்கு.

ஜுரம்

அப்புறம் நடந்தது ஒரு ஜுரம். 1853 மே மாதம் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிச் சாலையில் மீன் மாளிகை திறந்தது. 1854-ல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' புத்தகம் வந்து, அந்தப் பெயரையே வீட்டுக்கு வீடு சொல்ல வைத்தது. ஆல்ஃபர்ட் லாயிட் என்பவர் லண்டனில் அக்வேரியத்துக்கென்றே கடை நடத்தினார். 1858-ல் விலைப்பட்டியலைப் புத்தகமாகவே போட்டார். கண்ணாடி மலிந்திருந்தது, ரயில் ஏறினால் கடற்கரை. கூட்டம் கூட்டமாகப் போய்ப் பாறைக் குட்டைகளைச் சுரண்டி எடுத்தார்கள். தன் அப்பா புகழ்ந்து எழுதிய அந்தக் குட்டைகள் அப்பாவின் வாசகர்களாலேயே காலியானதை, காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் வருத்தத்தோடு எழுதினார். ஜுரமும் ரொம்ப நாள் நிற்கவில்லை, 1860-களிலேயே இறங்கிவிட்டது. லாயிட் திவாலானார்.

ஜெர்மனியில் மட்டும் கதை வேற மாதிரிப் போனது. எமில் ரோஸ்மெஸ்லர் என்று ஒருவர். பேராசிரியராக இருந்து, 1848 புரட்சிக்குப் பிறகு கூடிய பிராங்க்ஃபர்ட் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகி, அந்த அரசியலால் வேலையை இழந்தவர். அதன்பின் சாதாரண ஜனங்களுக்கு அறிவியல் எழுதுவதையே பிழைப்பாக்கிக்கொண்டார். 1856-ல் ஒரு குடும்பப் பத்திரிகையில், 'கண்ணாடிக்குள் ஏரி' என்கிற பொருள்படும் தலைப்பில் கட்டுரை எழுதினார். அடுத்த வருஷம் நன்னீர்த் தொட்டிக்கென்றே ஒரு புத்தகம். கடல் எங்கேயோ இருக்கு, பக்கத்துக் குளம் இங்கேயே இருக்கு, அங்கே கிடைக்கிற செடி, மீன், நத்தை போதும் என்பதுதான் அதன் சாரம். பட்ஜெட் தொட்டிக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கணும்னா என் ஓட்டு இவருக்குத்தான்.

அப்பாவின் ஜாடி, மகனின் விடை

வாரிங்டன் தொட்டி ஏன் வேலை செஞ்சது? செடி ஆக்ஸிஜன் தருது, மீன் அதைச் சுவாசிச்சு கரியமில வாயு தருது, கணக்கு நேராகிடுச்சு. அன்னிக்கு எல்லாரும் இப்படித்தான் நினைத்தார்கள். நிஜம் இதைவிடக் கொஞ்சம் சிக்கல். மீன் தொட்டிக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் பெரும்பங்கு தண்ணியின் மேல்பரப்பு வழியாகவே வந்துவிடும். இந்தச் 'சமநிலைத் தொட்டி' ஒரு கட்டுக்கதை என்று நியூயார்க் அக்வேரியத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் 1949-ல் கட்டுரையே எழுதினார்.

அப்போ செடி சும்மாவா? அதான் இல்லை. தொட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் அதன் சொந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. மணலிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. இது ரெண்டு கட்டமாக, ரெண்டு வகைக் கிருமிகளால் நடக்கிறது என்பதை வெளிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் 1870-களின் பின்பகுதியிலிருந்து இதை ஆராய்ந்த வேளாண் வேதியியலாளர். அவர் பேர் என்ன தெரியுமா? ராபர்ட் வாரிங்டன். நம்ம ஜாடிக்காரரோட மகன்! அதே பேர். பிறந்தது 1838-ல். அப்பா அந்த ஜாடியை வைத்துப் பார்த்த காலத்தில் பையனுக்கு 11, 12 வயசு. அந்தக் கிருமிகளைத் தனியாகப் பிரித்துக் காட்டிய பெருமை 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கிக்குப் போனது. ஆனால் அப்பாவின் ஜாடி ஏன் தெளிந்தது என்பதற்கான விடையில் பெரிய பங்கு மகனுடையது. இதைப் படிச்சப்போ எனக்குச் சிலிர்த்துப் போச்சுங்க.

செடியும் சும்மா இல்லை. நீர்ச்செடிகள் அம்மோனியாவை நேராகவே உறிஞ்சிக்கொள்ளும். பாக்டீரியா வரைக்கும் போவதற்கு முன்னாலேயே கொஞ்சம் தீர்ந்துவிடும். ஆக, செடிதான் ஃபில்டர்.

விலை ஏறிய கதை

20-ம் நூற்றாண்டில் மின்சாரம் வந்தது. பம்ப், ஹீட்டர், ஃபில்டர் எல்லாம் வந்தன. செடி கொஞ்சம் கொஞ்சமாக அலங்காரப் பொருளானது. இதில் ஒரே ஒரு மலிவு மாற்றம், சிலிகான் பசை. அதுக்கு முன்னாடி உலோகச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்திப் புட்டி வைத்து அடைக்கணும். 1960-கள், 70-களுக்குப் பிறகு சும்மா கண்ணாடியை வெட்டி ஒட்டினால் தொட்டி. நம்ம ஊர் மீன் கடைக்காரர் கடை வாசலிலேயே உட்கார்ந்து தொட்டி ஒட்டித் தர முடிகிறதென்றால் அது சிலிகானின் புண்ணியம். 1845-ல் வரி போனதுக்கு அப்புறம் தொட்டிக்குக் கிடைச்ச ரெண்டாவது விடுதலைன்னு சொல்லலாம்.

அதே நேரம் இன்னொரு பக்கம், ஜெர்மனியில் டூப்ளா நிறுவனத்தினர் அடிமண்ணைச் சூடாக்கும் கம்பி, கார்பன் டை ஆக்ஸைடு என்று ஒரு முழு அமைப்பையே உருவாக்கினார்கள். ஜப்பானில் தகாஷி அமானோ 1982-ல் ஏடிஏ நிறுவனத்தைத் தொடங்கினார். சைக்கிள் பந்தய வீரராக இருந்து, புகைப்படக் கலைஞரானவர். 1990-களில் வந்த அவருடைய படப் புத்தகங்களைப் பார்த்து உலகமே மயங்கியது. 2015-ல் இறப்பதற்கு முன், லிஸ்பனில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு செடித் தொட்டி அமைத்தார். அழகுன்னா அப்படி ஒரு அழகு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாம கடைக்குப் போறோம், அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் திரும்பி வர்றோம்.

1999-ல் அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் ஒரு புத்தகம் எழுதினார். சாதாரண மண், மேலே கொஞ்சம் சரளை, நெருக்கமாகச் செடி, ஜன்னல் வெளிச்சம். மண்ணில் மக்குவதிலிருந்தே செடிக்குக் கரியமில வாயு கிடைக்கும், சிலிண்டர் எதுக்கு என்று கேட்டார். 150 வருஷம் சுத்தி வந்து திரும்ப வாரிங்டன் ஜாடிக்கே வந்துட்டோம்!

என் தொட்டி

நான் பண்ணது இதுதான். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி தொட்டி. கணக்குப் போட்டா சுமார் 56 லிட்டர். வாரிங்டனோட 12 காலன் கிட்டத்தட்ட 55 லிட்டர். தற்செயல்தான், ஆனா சந்தோஷமா இருந்தது.

கொளத்தூர்ல தொட்டி ஒட்டி வாங்கினேன். கடைக்காரர், "மண்ணு போட்டா தண்ணி கலங்கிடும் தம்பி, கல்லு மட்டும் போடுங்க"ன்னார். "மேல மணல் போட்டு மூடிடுவேண்ணே"ன்னேன். சிரிச்சுக்கிட்டே கட்டிக் கொடுத்தார்.

உரம் போடாத தோட்ட மண்ணைச் சல்லடையில சலிச்சு, 1 இன்ச். அதுக்கு மேல கழுவின பொடிச் சரளை 1 இன்ச். (சரளையில ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க. நுரைச்சா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம், வேண்டாம்.) தட்டு ஒண்ணை வச்சு அது மேல மெதுவா தண்ணி. வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் முதல் நாளே நெருக்கமா நட்டாச்சு. செடி கம்மியா இருந்தா அந்த இடத்தைப் பாசி எடுத்துக்கும். 10 வாட் வெள்ளை எல்இடி பல்பு, காலையில 4 மணி நேரம், சாயங்காலம் 4 மணி நேரம். நடுவுல அணைச்சு வச்சா தண்ணியில கரியமில வாயு மறுபடி சேரும். முதல் மாசம் மீனே கிடையாது. வாரம் ஒரு தடவை பாதித் தண்ணி மாத்தினேன். நத்தை செடியோடவே இலவசமா வந்துடுச்சு. அப்புறம் ஆறு கப்பி. எல்லாம் சேர்த்து 2000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. தண்ணியோட சேர்த்து 70 கிலோவுக்கு மேல வரும், அதனால மேஜை மட்டும் பலமா இருக்கணும். கரண்ட் போனா பயமில்லை. நிறுத்தறதுக்குத் தொட்டியில எந்த மோட்டாரும் இல்லையே.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். செடி அதிகமா வளர்ந்து வெட்டிப் போடும்போது ஏரியிலயோ கால்வாயிலயோ போடாதீங்க. வட அமெரிக்காவின் எலோடியா 1842-ல் பிரிட்டனில் கண்ணில் பட்டது, பத்துப் பதினஞ்சு வருஷத்தில் கால்வாய்களில் படகு போக முடியாமல் அடைத்தது. நம்ம பக்கத்து ஹைட்ரில்லா 1950-களில் தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து ஃப்ளோரிடா போய், அங்குள்ள நீர்நிலைகளை மூடி, இன்றுவரை அவர்களுக்குப் பெரிய தலைவலி. வெயில்ல காய வச்சு பூந்தொட்டிக்கு உரமாப் போட்டுடுங்க.

விலைப் பட்டியலைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தவங்க யாராவது இதைப் படிச்சா, இன்னொரு தடவை போங்க. கண்ணாடி மட்டும் வாங்குங்க. மண்ணு வீட்டுலயே இருக்கு.